மேல்விளக்கு பதில் சொல்லவில்லை

எங்கள் ஆற்றின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு, மிளகில் பப்பாளி விதை கலக்கிறவர்கள் உண்டு. நான் இதில் எதையும் கலக்கவில்லை. அந்த ஆற்றின் பேரில் ஆணையிட்டுவிட்டுப் பொய் சொன்னால், ஆறே வீடு தேடி வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கு உயிர்மேல் இன்னும் கொஞ்சம் ஆசை பாக்கி இருக்கிறது.

கூரைக் குழாய் சொட்டியது. அதில்தான் ஆரம்பம்.

மழை என்று ஒன்று உண்டு என்பதையே எல்லோரும் மறந்துபோயிருந்த கோடையில் ஒரு சாயங்காலம். விளக்குக் கோபுரத்தின் அடியில் ஒட்டினாற்போல் நிற்கும் பழைய குடியிருப்பில், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த கிழவர் தலையைத் தூக்கினார். டொப். சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடக்கும் வீட்டின் முற்றத்தில், ஒரு சொட்டு விழும் சத்தம். தைலத்தின் காரமான நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை மெதுவாக, அழைக்காமல் வந்த விருந்தாளியைப்போல, அறைக்குள் வந்து உட்கார்ந்தது. வெள்ளம் வடிந்த மறுநாள் கரையிலிருந்து கிளம்புமே, பாசியும் அழுகிய நாணலும் செத்த மீனும் சேர்ந்த அந்தச் சேற்று வாசனை.

எழுந்து போய்ப் பார்த்தார். கூரைத் தகரம் தொட்டால் சுடும்படி காய்ந்து கிடந்தது. குழாயின் வாயில் மட்டும் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. அடுத்ததை உள்ளங்கையில் பிடித்தார். கலங்கல். ஐஸ் மாதிரி குளிர்ந்தது. பல்லி ஏதாவது இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பல்லிக்கு ஏது இவ்வளவு தண்ணீர் என்று மனசு கேட்டது. அதற்கு வேறு வேலை இல்லை என்று கதவைச் சாத்தினார்.

அந்தக் குழாயைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் கோபுரத்தின் வாசலில் அந்த வாரம் திறக்கவிருந்த வரலாற்றுப் பலகையில் அது இடம்பெறவில்லை.

கோபுரத்தின் அடியில், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகள். ஒன்றில் அண்ணன், அதாவது இந்தக் கிழவர்; மற்றதில் தம்பி. அண்ணனுக்குக் கோபுர உச்சியில் இருக்கும் விளக்கு. தம்பிக்குக் கரையோரம் சக்கர வண்டியில் நிற்கும் விளக்கு. அதனால் படகுக்காரர்கள் ஒருவரை மேல்விளக்கு என்றும் மற்றவனைக் கீழ்விளக்கு என்றும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்கள் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டன. இரண்டு பேரும் ஒரு முழு ஆற்றையே காவல் காத்தவர்கள். அவர்களுக்குள் சண்டை வந்தது ஒரு வாளித் தண்ணீருக்கு. அண்ணன் தன் கூரைக் குழாயைத் தம்பி முற்றத்தின் பக்கம் திருப்பி வைத்தார். அந்தப் பக்கம்தான் சரிவு என்றார். தம்பி வந்து, “அண்ணே, இத உங்க பக்கமே திருப்பிக்கங்க, வாசலெல்லாம் சேறாவுது” என்றான். அண்ணன், “கூரை என்னுது” என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் பல வருஷத்துக்குப் பேச்சே இல்லை.

பேசாமல் இருப்பது மற்ற வேலைகளில் பெரிய தொந்தரவு இல்லை. கணக்கெழுதும் இடங்களில் அதனால் வேலை ஒழுங்காகக்கூட நடக்கலாம். விளக்கு வேலை அப்படியல்ல. மேல் விளக்கு அசையாது, கீழ் விளக்கு அசையும். வெள்ளம் வந்து போகும்போதெல்லாம் ஆற்றின் அடியில் மணல்திட்டு புரண்டு வேறு பக்கம் படுத்துக்கொள்ளும். தம்பி சின்னப் படகில் போய்க் கழியால் குத்திப் பார்த்து, ஆழமான வழியைக் கண்டுபிடித்து, அங்கே வெள்ளைத் துணி கட்டிய கம்பு ஒன்றை ஊன்றிவிட்டு வருவான். பிறகு விளக்கு வண்டியைக் கரையோரம் தள்ளிக்கொண்டு போய், கோபுர விளக்கும் தன் விளக்கும் அந்தக் கம்பும் ஒரே கோட்டில் சேரும் இடத்தில் நிறுத்த வேண்டும். இருட்டில் அக்கரையிலிருந்து வரும் படகோட்டி, இரண்டு விளக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகிறபடி படகைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும். திட்டில் ஏறாமல் கரை சேரலாம்.

ஆனால் கீழே நிற்பவனுக்குக் கம்பு முன்னால், கோபுரம் முதுகுக்குப் பின்னால். கோடு சரியா என்று அவனால் பார்க்க முடியாது. மேலே நிற்பவருக்குத்தான் தெரியும். தம்பி வண்டியில் தொங்கும் மணியை ஒரு தட்டுத் தட்டுவான். சரியா என்று கேட்பதாக அர்த்தம். அண்ணன் மேலிருந்து இடது, வலது என்று குரல் கொடுப்பார். கோடு சேர்ந்ததும் விளக்குக்கு முன்னால் இருக்கும் தகரத் திரையை ஒருமுறை இறக்கி ஏற்றுவார். அது சரி என்பதற்கு. தம்பி சக்கரத்துக்குக் கட்டை வைப்பான்.

பேச்சு நின்ற பிறகு, மணி அடித்தால் கோபுரத்தின் மேலே அண்ணன் மனைவி வந்து நின்றாள். அவளுக்கு வெண்கலப் பானையைக் கீழே போட்டது போன்ற குரல். “இடது... இன்னும் கொஞ்சம்... ஐயோ அவ்ளோ இல்ல, வலது” என்று அவள் கத்துவது அக்கரையில் துவைப்பவர்களுக்கும் கேட்கும். அண்ணன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அவள் சொன்ன பிறகு திரையை மட்டும் இறக்குவார். அதில் ஒரு கௌரவம்.

பலகையில் இருந்த வரலாறு இன்னும் சுருக்கமானது. ஒரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு, கீழ் விளக்குக் காவலரின் கவனக்குறைவால் விளக்கு தவறான இடத்தில் நிறுத்தப்பட்டதாகவும், பயணிகள் படகு மணல்திட்டில் மோதிக் கவிழ்ந்ததாகவும், பலர் இறந்ததாகவும், காப்பாற்றக் குதித்த கீழ் விளக்குக் காவலரும் திரும்பவில்லை என்றும், இறந்தவர்களில் மேல் விளக்குக் காவலரின் மனைவியும் ஒருவர் என்றும், நல்ல அடர்நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது. இந்த வரலாற்றை அருங்காட்சியக அதிகாரியான அம்மாவுக்குச் சொன்னது மேல்விளக்குதான். சொல்வதற்கு வேறு யார் மிச்சம்? அந்தம்மா மரியாதையாக எழுதிக்கொண்டு, கோபுரத்தை அருங்காட்சியகமாகத் திறந்ததும் அவரே காவலாளியாகவும் வழிகாட்டியாகவும் அதே வீட்டில் கடைசிவரை இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு மட்டும் இருக்கவில்லை. விபத்துக்குப் பின் வந்த வெள்ளங்களில், இவர் முகத்தில் விழிக்கப் பிடிக்காததுபோல, கொஞ்சம் கொஞ்சமாக விலகிக் குன்றுகளுக்கு அப்பால் போய்விட்டது. கோபுரத்துக்கு முன்னால் இப்போது கண்ணுக்கெட்டிய மட்டும் மணல், முள், பிளாஸ்டிக் பை.

குழாய் சொட்டிய மறுநாள் தம்பியின் மனைவி வந்தாள். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் கடையில் காஜா எடுக்கிற வேலை அவளுக்கு. பஸ்ஸைவிட்டு இறங்கி, வெயிலில் மணலில் நடந்து, குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. பலகையை மூடியிருந்த திரைச்சீலையை ஓரத்தில் தூக்கிப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“ஒரு வரி அத்தான். அந்த ஒத்த வரிய மட்டும் எடுக்கச் சொல்லுங்க” என்றாள்.

“பெயிண்ட் காஞ்சுபோச்சு.”

“மேல பூசிக்கலாம். கடையில இன்னும் எனக்குக் கப்பல கவுத்தவன் பொண்டாட்டின்னுதான் பேரு. சொல்றவங்க செத்துப்போவாங்க, நானும் போயிருவேன், சரி. பலகை சாகாது.”

மேல்விளக்கு முழங்காலைத் தடவிக்கொண்டார். நடந்ததைத்தானே எழுதியிருக்கிறார்கள் என்றார். அன்றைக்குக் காற்று அதிகம், அவன் கேட்டது தனக்குக் கேட்கவில்லை என்று விசாரணையிலேயே சொல்லியாகிவிட்டது என்றார். அந்த விசாரணையில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, ரொம்ப வருத்தப்பட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவள் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “கதவ சாத்திட்டு உள்ள பாத்திரம் தேச்சுட்டிருந்தேன். எனக்கே கேட்டுது அத்தான். அண்ணே எந்தப் பக்கம்னு கேட்டாரு. எத்தன வருஷத்துக்கப்புறம் அண்ணேன்னு கூப்புடுறாருன்னு நான் தேய்க்கறத நிறுத்திட்டு நின்னேன்.”

“காது ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி.”

அவள் குடையை விரித்தாள். போகும்போது தன் பழைய வீட்டு முற்றத்தை எட்டிப் பார்த்து, “இப்பவும் உங்க தண்ணி இங்கதான் விழுது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவர் போய்ப் பார்த்தார். முற்றத்தின் நடுவில் ஒரு குளம் தேங்கியிருந்தது. அதன் ஓரத்தில் இரண்டு கோடுகள் தொடங்கி, உடைந்த வேலியைத் தாண்டி, மணலுக்குள் போயின. வண்டிச் சக்கரத் தடம். ஈரத் தடம்.

அன்றைக்கு அந்தி சாய்ந்து, மணல் சாம்பல் நிறமாகி, முள்புதர்களின் நிழல்கள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்ட நேரத்தில், அவர் ஜன்னல் கதவைச் சாத்தப் போனவர் சாத்தாமலே நின்றார். தூரத்தில், ஆறு இருந்த காலத்தில் நட்டாறாக இருந்த இடத்தில், ஒரு விளக்கு. மாடு தேடி வந்தவன் கையில் இருக்கும் டார்ச் அல்ல. அது வெள்ளையாக அலையும். இது மண்ணெண்ணெய் மஞ்சள். இடுப்பு உயரத்தில் இருந்தது. இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. மணி ஒரு தட்டு. பிறகு வலப்பக்கம். நின்றது. மணி.

ஜன்னலைச் சாத்தினார். சாத்திய பிறகுதான் சத்தம் அதிகமாகக் கேட்டது. பலகைக் கதவின் இடுக்கு வழியாக, சுவரின் உப்புப் பூத்த விரிசல் வழியாக, கட்டிலின் இரும்புக் கால் வழியாகக்கூட அந்த ஒற்றைத் தட்டு வந்துகொண்டே இருந்தது, அவசரமே இல்லாமல், பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது என்று முடிவு செய்துவிட்ட ஒருவனின் பொறுமையோடு. காதில் பஞ்சை வைத்தார். பஞ்சு ஈரமாக இருந்தது.

அதற்கடுத்த சாயங்காலங்களில் விளக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. சரியா என்று ஒரு தட்டு. இடது. தட்டு. வலது. தட்டு. பகலில் அவர் அந்தத் தடங்களைக் காலால் கலைத்தார். அருங்காட்சியக அம்மாவுக்கு போன் பண்ணிப் பலகை விஷயம் பேசலாமா என்று ஒருமுறை நம்பரைக்கூட எடுத்து வைத்தார். பேசினால் என்னவென்று பேசுவது? காற்று இல்லை, கேட்டது என்றா? கேட்டால், அப்புறம் ஏன் பதில் சொல்லவில்லை என்பார்கள். அதற்குப் பதில் ஒரு கூரைக் குழாய். வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். போனை வைத்துவிட்டார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பகல் முழுக்க எலக்ட்ரீஷியன் கோபுரத்தின் மேல் வேலை செய்தான். பழைய எண்ணெய் விளக்கைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிப் பொருளாக வைத்து, அதற்குப் பக்கத்தில் பெரிய பல்பு ஒன்றைப் பொருத்தினான். வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவன்.

“ஏன் பெருசு, ஆறே ஓடிப்போச்சு, இன்னும் யாருக்கு விளக்கு? நரிக்கா?” என்று மேலிருந்தே கேட்டான். அவர் சிரிக்கவில்லை என்றதும் இறங்கி வந்து, மெயின் சுவிட்ச் கீழே அவர் அறையிலேயே இருப்பதையும், நாளைக்கு ரிப்பன் வெட்டும்போது தட்டினால் போதும் என்பதையும் சொன்னான். சாமான்களைப் பையில் போட்டவன் செருப்பைத் திருப்பிப் பார்த்தான். “எங்கயாச்சும் பைப்பு உடைஞ்சிருக்கா? படியெல்லாம் ஈரம். மேல போகப் போகத்தான் ஜாஸ்தியா இருக்கு. தண்ணி கீழருந்து மேல ஏறுற ஒரே பில்டிங் உங்களுதுதான்.”

“நீ இன்னிக்கு இங்கயே தங்கிட்டுப் போயேன்” என்றார் மேல்விளக்கு. வாழ்நாளில் அவர் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. கேட்ட தோரணை கட்டளைபோல இருந்தது.

“எனக்குப் பொண்டாட்டி இருக்கா பெருசு” என்று சொல்லிவிட்டு அவன் பைக்கை உதைத்தான். பைக் சத்தம் மணலைத் தாண்டி, நெடுஞ்சாலை ஏறி, மற்ற சத்தங்களோடு கலந்து, இல்லாமல் போயிற்று. ஆகாயத்தின் அடியில் ஒரு சிவப்புக் கீற்று மட்டும் இருந்தது. ஒரு இலை அசையவில்லை. அவ்வளவு புழுக்கம்.

குழாய் சொட்டுவதை நிறுத்திவிட்டு ஒழுகத் தொடங்கியது.

அவர் விளக்குப் போடவில்லை. கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் முற்றம் நிறைவதைக் கேட்டார். அன்றைக்கும் இப்படித்தான் வெளிச்சம் போகும் நேரம். மனைவி அக்கரையில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள்தான் வருவதாகச் சொல்லியிருந்தாள். வெள்ளம் வடிந்து திட்டு புரண்டிருந்தது. தம்பி கம்பை ஊன்றிவிட்டு வந்து, வண்டியை நிறுத்தி, மணியைத் தட்டினான். மேலே இவர் பார்த்தார். வண்டி ஓர் ஆள் தூரம் வலப்பக்கம் தள்ளி நின்றது. இடது என்று ஒரு சொல். அதைச் சொல்ல அவள் இல்லை. தம்பி நகர்த்தினான், தட்டினான். தப்பான பக்கம் நகர்த்தினான். இவர் கையைக் கட்டிக்கொண்டார். வரட்டும், கோபுரத்து வாசலுக்கு வந்து நின்று கேட்கட்டும் என்று நினைத்தார். அப்போது ஆற்றின் நடுவில் படகின் ஹாரன். எந்த இரண்டு விளக்குக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. அது சரியான கோடா என்று படகோட்டிக்குத் தெரியாது. அவன் நம்புவான். கீழே தம்பி கோபுரத்தைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூப்பிட்டான். அண்ணே, எந்தப் பக்கம்?

காற்றே இல்லை. தெளிவாகக் கேட்டது. கேட்டதும் உள்ளுக்குள் முதலில் வந்தது சந்தோஷம். அவன்தான் முதலில் பேசினான். அதை ஒரு நிமிஷம், வாயில் போட்ட கல்கண்டைப்போல, கரையவிட்டு ருசித்தார்.

ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

கருமாதி வீட்டில் மனைவியின் அக்கா அழாமல் சொன்னாள், வெள்ளம் என்று கேள்விப்பட்டதுமே பையைத் தூக்கிவிட்டாளாம். “ரெண்டும் பேசாதுக, நான் போகலன்னா விளக்கு கோணிப்போயிரும்னு சொல்லிட்டு ஓடினா.”

மணி.

ஜன்னலுக்கு வெளியே. மணலில் இல்லை, முற்றத்தில் இல்லை. ஜன்னலுக்கு நேர் கீழே. மஞ்சள் வெளிச்சம் பலகை இடுக்குகள் வழியாக உள்ளே வந்து, சுவரில் கோடு கோடாக நகர்ந்தது. இடது. நின்றது. மணி. சக்கரம் சேற்றில் புதைந்து எழும் சத்தம். வலது.

அப்போது தூரத்தில், காய்ந்த மணலின் நடுவிலிருந்து, ஹாரன்.

அவருக்கு அந்த ஹாரன் தெரியும். கடைசியில் கொஞ்சம் பிசிறடிக்கும். கவிழ்ந்த படகின் ஹாரன். ஆனாலும் விளக்குக்காரரின் மூளை கணக்குப் போட்டது. ஒற்றை விளக்குக்குக் கோடு கிடையாது. மேல் விளக்கு எரியாதவரை எதுவும் இங்கே வர முடியாது. சுவிட்சைத் தடவிப் பார்த்தார். அணைந்தே இருந்தது. மூச்சை விட்டார். எதற்கும் என்று ஜன்னலை விரலளவு திறந்தார்.

வெளியே மணல் வெளிச்சமாக இருந்தது. வெளிச்சம் மேலிருந்து விழுந்துகொண்டிருந்தது.

ஏறினார். முழங்கால் வலி ஞாபகம் வரவில்லை. சுவரைப் பிடித்தார், சுவர் வழவழவென்றிருந்தது. படியில் தண்ணீர் மேலே ஓடியது. எலக்ட்ரீஷியன் பொய் சொல்லவில்லை. காலைச் சுற்றிக்கொண்டு, சின்னக் குழந்தை முந்திக்கொண்டு ஏறுவதுபோல, இவருக்கு முன்னால் ஏறியது. மண்ணெண்ணெய் வாசனை. எரியும் திரியின் வாசனை. சேற்று வாசனை.

விளக்கறை. புது பல்பு இருட்டாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், திரியே இல்லாத பழைய விளக்கு எரிந்தது. பெட்டியைத் திறக்க இழுத்தார். பூட்டு. அறைந்தார். கண்ணாடி உடையவில்லை. கை உடைந்தது போலிருந்தது.

வெளி வராந்தாவுக்கு ஓடினார். கீழே, விளக்கு வண்டி. அதன் பக்கத்தில் ஒருவன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் சட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை, தீரவில்லை. வண்டிக்கு நேரே, மணலின் மேல், ஒரு பெரிய கருப்பு வந்துகொண்டிருந்தது. மணல் அதற்கு முன்னால் அலையாக மடிந்தது. கோடு அச்சுப்போல நேராக இருந்தது. கோபுரம், வண்டி, படகு.

கோட்டை உடைக்க வேண்டும். வண்டி நகர்ந்தால் போதும். ஓர் ஆள் தூரம்.

“இடது” என்றார். கம்பியைப் பிடித்துக் குனிந்து கத்தினார். “இடது. தம்பி, இடது பக்கம் தள்ளு. தம்பி.”

எத்தனை வருஷத்துக்கப்புறம் தம்பி.

கீழே நின்றவன் திரும்பவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்தான், காது கொடுப்பதுபோல. பிறகு சாதாரணக் குரலில், முற்றத்தில் நின்று பேசுவதுபோல, பதில் சொன்னான். மேலே வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

“காத்து அதிகம்ணே. கேக்கல.”

ஒரு இலை அசையவில்லை.

மறுபடி கத்தினார். வாயில் மண் ருசித்தது. மணி ஒரு தட்டு. சரியா?

பின்னால் தகரம் கிறீச்சிட்டது.

திரும்பினார். விளக்குக்கு முன்னால், எப்போதும் நிற்கும் இடத்தில், மனைவி நின்றாள். தலைமுடி முகத்தை மூடி ஒட்டியிருந்தது. தோளில் ஊருக்குக் கொண்டுபோன பை. முடியின் இடுக்கு வழியாக அவரைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. அவள் குரல் கொடுக்கவில்லை. வெளுத்து ஊறிய கையைத் திரையின் மேல் வைத்தாள்.

இறக்கினாள்.

இருட்டு.

ஏற்றினாள்.

கீழே, சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் சத்தம். டக்.

படகு வெளிச்சத்துக்குள் வந்தது. முன்பக்கம் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள், கரை வந்துவிட்டது என்றால் நிற்பார்களே அப்படி, பைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஈரத் தலைகளைக் கோதிச் சரிசெய்துகொண்டு. ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. அழுகிய முகங்கள் அத்தனையும் விளக்கை அண்ணாந்து பார்த்தன, முழு நம்பிக்கையோடு. முன்வரிசையில் ஒருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

முதலில் ஆணையிட்டேனே, அந்த ஆறு? எங்கள் பக்கத்தில் ஆறு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.